காலி எடை

அந்த எடைமேடையில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. லாரிக்காரர்களுக்கு அவர் தராசு. "தராசு வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். "தராசு இன்னைக்குக் கடுப்புல இருக்காரு, வாயைக் கொடுக்காத" என்று ஒருவரையொருவர் எச்சரிப்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை சுலபமானதுதான். லாரி காலியாக ஒரு தடவை மேடையில் ஏறும், சரக்கோடு ஒரு தடவை ஏறும். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் சரக்கு. இதற்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கும் ஒரு மெஷின், பஞ்சு பிதுங்கிய ஒரு நாற்காலி. ஆனால் தராசிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வண்டியின் காலி எடையை ஒவ்வொரு நடைக்கும் புதிதாக எடுத்தே தீர வேண்டும். போன வாரச் சீட்டை நீட்டி, "அதே வண்டிதானே, இதையே போட்டுக்கோங்க" என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு அவன் தொலைந்தான். டயர் மாற்றியிருப்பாய், டீசல் நிரப்பியிருப்பாய், சேறு அப்பியிருக்கும், கயிறு மழையில் நனைந்திருக்கும், நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க உன் வண்டி என்ன கற்சிலையா என்று ஆரம்பித்தால் வரிசையில் பின்னால் நிற்கிற நான்கு வண்டிகளும் எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும்.

இப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் எட்டு மாதம் காலி எடையை எடுக்க மறந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

வீடு நான்காம் மாடியில். லிஃப்டுக்கென்று விட்ட பள்ளத்தில் இரண்டு துருப்பிடித்த சைக்கிள்களும் கால் உடைந்த ஒரு கட்டிலும் கிடக்கின்றன. லிஃப்ட் மட்டும் வரவேயில்லை. மாடிக்குப் பதினேழு படி, ஆக மொத்தம் அறுபத்தெட்டு. இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. அப்போதுதான் அவர் மனைவி சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. இடுப்பும் வலது தொடை எலும்பும் முறிந்தன. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கால்தான் பழையபடி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான்கு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், சமைப்பாள், தையல் மெஷினில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பாள். படி மட்டும் ஆகாது. செவ்வாயும் வெள்ளியும் பக்கத்துத் தெருப் பயிற்சி நிலையத்துக்குப் போய்க் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியாக வேண்டும், திரும்ப ஏறியாக வேண்டும்.

ஏற்றி இறக்குவது தராசுதான். சரக்கு கட்டுகிற அகலப் பட்டை ஒன்றை எடைமேடையிலிருந்து கொண்டுவந்தார். அவள் அதன் உள்பக்கம் மிச்சத் திரைத்துணியை மடித்து மடித்து மெத்தென்று தைத்தாள். அதைத் தன் இடுப்போடும் அவள் தொடைக்கு அடியிலும் சுற்றிக் கட்டி, உப்புமூட்டை தூக்குவது போல முதுகில் ஏற்றிக்கொள்வார். பயிற்சி நிலையத்தில் பார்த்துவிட்டு, இடுப்புக்கு இது ஆபத்தில்லை, ஆனால் உங்கள் முதுகு என்ன ஆகும் என்று கேட்டார்கள். கேட்டதுபோலவே மூன்றாம் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஜிம்மில் சேர்ந்தார்.

நாற்பத்தெட்டு வயதில், சட்டைப் பையில் பேனாவோடு, ஒரு மரச்சாமான் கடையின் கீழ்த்தளத்திலிருந்த ஜிம்மில் போய் நின்றார். அதை நடத்துகிற பெண்ணை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு காலத்தில் நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர், இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "என்ன சார் வேணும்? தொப்பை குறையணுமா?" என்று கேட்டார்.

"அறுபத்துநாலு கிலோவை அறுபத்தெட்டுப் படி தூக்கணும்," என்றார் தராசு.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு கம்பியைக் கையில் கொடுத்தார்.

தராசு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வாரத்தில் ஆறு நாளும் காலை ஐந்தரைக்கு ஆஜர். முட்டை சாப்பிடச் சொன்னார்கள், ஆறு முட்டை சாப்பிட்டார். நான்காவது மாதத்தில் பழைய சட்டைகள் தோளில் பிடித்தன. ஆறாவது மாதத்தில் ஒரு சட்டை முதுகில் கிழிந்தே போனது. அதை அவர் குப்பையில் போடாமல் லாரிக்காரர்களிடம் காட்டிக்கொண்டு திரிந்தார் என்பது அவருடைய நல்ல குணங்களில் சேராது.

எடை பார்ப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை. ஜிம்மில் கிடந்த மெஷினில் ஏற மாட்டார். யாரோ வாங்கிய, யாரும் சோதிக்காத மெஷினை அவர் எப்படி நம்புவார்? தானே ஒன்று வாங்கி, எடைமேடையிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு கட்டிலுக்கு அடியில் வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை முதுகில் கட்டிக்கொண்டு அதில் ஏறி நிற்பார். அவளால் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்க முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கணக்கு தப்பாகிவிடும்.

"என்னை என்ன சிமெண்ட் மூட்டைன்னு நெனச்சீங்களா?" என்பாள் அவள், தோளுக்கு மேலே எட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே.

"சிமெண்ட் மூட்டை இவ்வளவு பேசாது."

முதல் மாதம் தான் எழுபத்தொன்று, இரண்டு பேரும் சேர்ந்து நூற்று முப்பத்தைந்து என்று காலண்டரில் எழுதினார். ஆக அவள் அறுபத்துநான்கு. அதற்கப்புறம் மொத்தத்தை மட்டும் பார்த்தார். படி ஏறும்போது கால் தாங்கப்போவது மொத்தத்தைத்தானே? அடுத்த மாதமும் நூற்று முப்பத்தைந்து. அதற்கடுத்த மாதம் நூற்று முப்பத்தாறு. திரும்பவும் நூற்று முப்பத்தைந்து. எண் அசையவில்லை, ஆனால் முதுகில் அவள் லேசாகிக்கொண்டே வந்தாள். அதாவது தனக்கு பலம் கூடிக்கொண்டே வருகிறது என்று தராசு நினைத்தார். மூன்றாம் மாடி டீச்சர் ஒருநாள், "உங்க வீட்டம்மா ரொம்ப இளைச்சுட்டாங்களே" என்றபோது, "நான்தான் வாரா வாரம் தூக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

ஒன்று மட்டும் இடித்தது. தோளும் தொடையும் இரும்பாகிவிட்டன, மூச்சு மட்டும் ஆகவில்லை. இரண்டாம் மாடி தாண்டியதும் நெஞ்சு பட்டறை போல அடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். முதுகிலிருந்து அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சொல்ல முடியாது. "பேசாம வா" என்பதற்குக்கூட மூச்சு இருக்காது. போகப் போக அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. அவளுடைய அண்ணன் வந்து மேலே வீட்டில் காத்திருந்தார். ஊரின் அந்தக் கோடியில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பத்து வயது மூத்தவர், தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர். மனிதர் தங்கம், தொப்பை மட்டும் கொஞ்சம் தாராளம். பயிற்சி முடிந்து தராசு அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடியில் கால் வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதில் விசில் அடித்தது. எப்படியோ சுவரில் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்து, பட்டையை அவிழ்த்து அவளைப் படியில் இறக்கிவிட்டார். விழவில்லை, ஆனால் விழுவதற்கும் அதற்கும் ஒரு முழ வித்தியாசம்தான். சத்தம் கேட்டு டீச்சர் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார். மேலேயிருந்து அண்ணன் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"போதும் மாப்ளே, போதும். இது என்ன விளையாட்டா? ரெண்டு பேரும் உருண்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். பிறகு தங்கையின் தலையில் கை வைத்து, "என் வீட்டுல ஒரு படி கிடையாதும்மா. கீழ் ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீ அங்க வந்துடு. மாப்ளே லீவு நாள்ல வந்து பார்க்கட்டும்" என்றார்.

அது ஊரின் மறு கோடி. இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். எடைமேடை காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. அவர் அங்கே போய் இருக்க முடியாது, அவள் இங்கே ஏற முடியாது. இருபது வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்த இரண்டு பேர் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அவள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அது வாய்வரை வந்தது. வெளியே தள்ள மூச்சு இல்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் போய் வந்தது. கொஞ்சம் பொறு என்பதற்காகக் கையைத் தூக்கினார்.

"பாரு, மாப்ளேயும் சரின்னுட்டாரு," என்றார் அண்ணன்.

"சரி அண்ணா," என்றாள் அவள்.

மூச்சு திரும்ப நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. கடையில் வேலை நெருக்கடி முடியட்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வேண்டும், பத்து வாரத்தில் வேனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அவள் சரி என்றது தராசின் காதில் விழுந்திருந்தது. தான் கையைத் தூக்கியது அவள் கண்ணில் பட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மானமுள்ள இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் இப்படித்தான், முட்டாள்தனத்துக்கு அங்கே பஞ்சமே இருக்காது.

தராசு ஜிம்முக்குப் போய்க் கம்பியில் இன்னும் பத்துக் கிலோ மாட்டினார்.

மாஸ்டர் வந்து அதைக் கழற்றினார். "சார், உங்க கால்ல ஒரு குறையும் இல்ல. மூச்சுதான் இல்ல. நாள் பூரா நாற்காலியில உட்கார்றீங்க, காலையில வந்து தூக்குறீங்க. நெஞ்சுக்கு யாரு வேலை கொடுக்கிறது? வாரத்துல மூணு நாள் தூக்குங்க. மத்த நாள்ல நடங்க, சைக்கிள் மிதிங்க, படி ஏறுங்க. நான் முதல் நாளே சொன்னேன்."

சொல்லியிருந்தார்தான். தராசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓடினா ஏத்தினது எல்லாம் கரைஞ்சிடுமாமே?"

"யாரு சொன்னா?"

"பாறை சொன்னாரு." பாறை என்பது அந்த ஜிம்மில் எல்லோரையும்விட அதிக எடை தூக்குகிற ஆள்.

"பாறைக்கு ஷூ லேஸ் கட்டுறதுக்கே மூச்சு வாங்குது சார். நல்லா சாப்பிட்டு, தூக்குறதையும் விடாம இருந்தா, வாரத்துல ரெண்டு மூணு நாள் நடந்து ஒண்ணும் கரைஞ்சு போயிடாது."

தராசு நம்பவில்லை. சேர்த்து வைத்ததில் ஒரு கிலோ குறைந்தாலும் அவளைத் தூக்க முடியாமல் போய்விடும் என்ற பயம். மிச்சமிருந்த பத்து வாரத்தில் மூன்று வாரம் இப்படியே போனது.

நான்காம் வாரம் புதன்கிழமை, மத்தியானம். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது. டிரைவர் பழைய ஆள். ஜன்னல் வழியாக ஒரு கசங்கிய சீட்டை நீட்டினான்.

"தராசண்ணே, காலி எடை போட மறந்துட்டேன். போன மாசச் சீட்டு இருக்கு, அதையே வெச்சுக்கோங்க. மொத்தத்தைப் பாருங்க, எப்பவும் வர்ற அதே எடைதான். ஒரு கிலோ மாறல."

தராசுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தே விட்டார்.

"மொத்தம் மாறலன்னா? போன வாரம்தானே வண்டிக்குப் புதுசா இரும்புத் தளம் அடிச்சே? என்கிட்டயே பெருமையா சொன்னியே! வண்டி கனமாயிருக்கு. வண்டி கனமாயிருக்கும்போது மொத்தம் அதேதான் வருதுன்னா என்ன அர்த்தம்? உள்ள இருக்கிற சரக்கு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்! வண்டி எவ்வளவு ஏறுச்சோ, அவ்வளவு சரக்கு..."

வாக்கியம் பாதியில் நின்றது. டிரைவர் காத்திருந்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்களும் காத்திருந்தார்கள். தராசு தன் கையைப் பார்த்தார். சட்டைக் கை மேல்புஜத்தில் இறுகிக் கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் திட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய், மாற்று ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பஸ் ஏறினார்.

அறுபத்தெட்டுப் படியும் எப்படி ஏறினார் என்று தெரியாது. அவள் மெஷினில் நீலத் திரை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?" என்றாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்தார், செருப்பைக் கழற்றினார், தனியாக ஏறி நின்றார்.

எழுபத்தேழு.

இறங்கி மறுபடி ஏறினார். எழுபத்தேழு. எட்டு மாதத்தில் ஆறு கிலோ. இந்த மாதம் பார்த்தபோதும் மொத்தம் நூற்று முப்பத்தைந்து. நூற்று முப்பத்தைந்தில் எழுபத்தேழு போனால் ஐம்பத்தெட்டு. ஆறு கிலோ தன் உடம்பில் ஏறியிருக்கிறது, அதே ஆறு கிலோ அவள் உடம்பிலிருந்து இறங்கியிருக்கிறது. முதுகில் அவள் லேசானது அவருடைய பலத்தால் இல்லை.

சமையலறைக்குப் போனார். காலையில் அவர் சாப்பிட்ட தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பில் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி. அவர் சாயங்காலம் வந்து சாப்பிடுவதற்கு நான்கு முட்டை அவித்து மூடி வைத்திருந்தது.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேனே."

"என்னன்னு கேட்டேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை. "கஞ்சி," என்றாள்.

"நேத்து?"

மெஷின் நின்றது. "நான் கொஞ்சம் கனம் குறைஞ்சா உங்களுக்குச் சுலபமா இருக்குமேன்னு நெனச்சேன். நீங்க மூச்சு வாங்குறது என் காதுக்குப் பக்கத்துலதானே கேட்குது? ஒவ்வொரு படிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. ஆனா எவ்வளவு குறைச்சாலும் உங்க மெஷின்ல அந்த நம்பர் அசையவே மாட்டேங்குது. அதே நூத்தி முப்பத்தஞ்சு. சரி, இன்னும் குறைக்கணும் போல இருக்குன்னு..."

தராசு அழுதார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எடை மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த ஒரே எண்ணை இரண்டு பேரும் மாதாமாதம் பார்த்திருக்கிறார்கள். அவர் அதைப் பார்த்து இன்னும் சாப்பிட்டிருக்கிறார், அவள் அதைப் பார்த்து இன்னும் பட்டினி கிடந்திருக்கிறாள். பயிற்சி நிலையத்தில், காலில் சதை பிடிக்கவே மாட்டேன் என்கிறதே என்று போன மாதமே கேட்டார்களாம். வயசாகிறது என்று சொல்லிச் சமாளித்தாளாம். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிற்பதற்கு அவளுக்கு வேண்டியிருந்த சதைதான் முதலில் போயிருந்தது.

"லாரிக்காரனைக் கேட்கிற கேள்வியை உன்னைக் கேட்கலையே," என்றார்.

"என்ன கேள்வி?"

அவர் எழுந்துபோய் இரண்டு முட்டையை உரித்து, உப்புப் போட்டு, அவள் முன்னால் தட்டில் வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வீட்டுப் பேச்சை அன்றைக்கும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு இப்போது தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தார். பக்கத்திலேயே இருந்து பட்டினி போட்டவன், போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் மாஸ்டரிடம் போய், "இனிமே தூக்க மாட்டேன், ஓட மட்டும்தான் செய்வேன்" என்றார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணு இந்தக் கரை, இல்லன்னா அந்தக் கரையா சார்? ஓட்டம் மட்டும்னா அவங்களை யாரு தூக்குறது? திங்கள், புதன், சனி தூக்குங்க. செவ்வாய், வியாழன் நடங்க, மெதுவா ஓடுங்க. வெள்ளிக்கு அவங்களைத் தூக்கிட்டு ஏறுறதே போதும். ஞாயிறு சும்மா இருங்க. சும்மா இருக்கிறதும் கணக்குல சேர்ந்ததுதான்."

"எவ்வளவு வேகமா நடக்கணும்?"

"பேசிக்கிட்டே போற வேகம். பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

தனியாக நடக்கும்போது தராசு எதைப் பேசுவார்? அன்றன்றைக்கு அடித்த சீட்டுகளைச் சொல்லிக்கொண்டு போனார். "பதினாறாயிரத்து இருநூறு, காலி ஆறாயிரத்து நானூறு, சரக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு..." பூங்காவில் நடக்க வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் வாரம் மூன்று சீட்டுக்கு மேல் சொல்ல முடியவில்லை. நான்காவது வாரத்தில் ஒரு நாள் முழுவதற்குமான சீட்டுகளை ஒப்பித்துவிட்டு, முந்தைய நாளுக்குப் போனார். மாடிப்படியில் முதலில் வெறும் கையோடு ஏறினார், பிறகு பத்துக் கிலோ எடைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு இருபது.

மூன்றாம் மாடியில் டீச்சர் அந்த நாற்காலியை எடுக்காமல் அங்கேயே போட்டுவைத்திருந்தார். தராசுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இரண்டு தடவை தூக்கிக்கொண்டுபோய் டீச்சர் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார், இரண்டு தடவையும் அது திரும்பி வந்தது. மாஸ்டரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது அவர், "கம்பியைத் தூக்கிட்டு அடுத்த தடவைக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் நிக்கறீங்கல்ல? அதுல என்ன அவமானம்? இதுவும் அப்படித்தான்" என்றார். அடுத்த வெள்ளி அவளை அந்த நாற்காலியில் இறக்கி, இரண்டு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி தூக்கினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

முட்டை இப்போது ஆளுக்கு நான்கு. ஞாயிறு தோறும் எடை. முதலில் அவர் தனியாக, பிறகு சேர்ந்து. அவர் எழுபத்தாறில் வந்து நின்றார். மாஸ்டர் சொன்னதுபோல ஒன்றும் கரைந்துவிடவில்லை. அவள் ஐம்பத்தொன்பது, அறுபது என்று ஏறினாள். பயிற்சி நிலையத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படி ஏறி நின்றாளாம். அன்று தராசு அந்தத் தெரு முழுக்க யாரைப் பார்த்தாலும் சிரித்தார்.

முதுகிலிருந்து அவள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். மாஸ்டர் சொன்ன சோதனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மாடிக்கு ஒரு கேள்வியாவது கேட்பாள். அவரும் கேட்பார். பெரும்பாலும், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்பதுதான்.

பத்தாம் வாரம் வந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். வெள்ளிக்கிழமை காலையிலேயே வேனோடு வந்து, அவர்களைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். மேலே போய்ச் சாமான்களைக் கட்டி, சாயங்காலம் கிளம்புவதாக ஏற்பாடு. இரண்டு காலிப் பெட்டிகளையும் நான்கு கால் கம்பியையும் அவரே தூக்கிக்கொண்டார். "நீங்க முன்னால போங்க மாப்ளே, நான் பின்னாலயே வர்றேன்" என்றார்.

தராசு பட்டையை இறுக்கி எழுந்தார். முதல் மாடியில் அவள், நீலத் திரையைக் கடைக்காரர் குறை சொன்ன கதையைச் சொன்னாள். இரண்டாம் மாடியில், "ஞாயிற்றுக்கிழமை வருவீங்கல்ல?" என்றாள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூச்சு இருந்தது.

மூன்றாம் மாடியில் அவளை நாற்காலியில் இறக்கினார். சுவரில் கை வைத்து நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. பத்து வாரத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே படியைப் பார்த்தார்.

"ஏன் ஒண்ணும் பேசல? மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்ப பேசுங்க."

"போகாத," என்றார் தராசு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அண்ணன் வீட்டுல படி இல்ல. இங்க அறுபத்தெட்டு இருக்கு. அங்கதான் உனக்கு வசதி, எனக்குத் தெரியும். உன்னை நான் சரியாப் பார்த்துக்கல, அதுவும் தெரியும். ஆனாலும் போகாத."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு மூச்சு இல்ல."

"அதுக்கப்புறம் இத்தனை வாரமா?"

"மூச்சு இருந்துச்சு. தைரியம் இல்ல."

"நான் உங்களுக்குப் பாரம்னுதான் கையைத் தூக்கிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே தடால் தடால் என்று பெட்டி இடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, முகமெல்லாம் சிவந்து, சட்டை நனைந்து, மூன்றாம் மாடியில் வந்து பெட்டிகளைக் கீழே போட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார்.

"அண்ணா, நான் வரல," என்றாள் அவள். "இங்கயே இருக்கேன். உனக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடு."

அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுதான் போய் வந்தது. கொஞ்சம் பொறு என்று கையைத் தூக்கினார்.

"பார்த்தீங்களா?" என்று அவள் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "அண்ணனும் சரின்னுட்டாரு."

தராசு சிரித்துவிட்டார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதற்கும் மூச்சு போதவில்லை. இருமிக்கொண்டே தலையை ஆட்டினார். டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.

"அண்ணனுக்கு நாற்காலியைக் கொடுங்க, பாவம்," என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். தராசு திரும்பிக் குனிந்து அவளை முதுகில் ஏற்றிப் பட்டையைக் கட்டினார். இன்னும் பதினேழு படி இருந்தது.

"சீக்கிரம் போங்க," என்றாள் காதோரமாக. "எனக்குப் பசிக்குது."